பிள்ளை நாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மதுரையில் நான் சமூகப்பணி டிப்ளமோ படித்த கல்லூரியில் அது எழுத்திலேயே இருக்கிறது. படிப்பை முடிக்க இரண்டு மாதம் எங்காவது பயிற்சிக்குப் போய், அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். நேரம் தவறாமை, சுத்தம் என்று படிவத்தில் ஏழு இடங்கள். கடைசி இடம் பொறுமை. எல்லாவற்றுக்கும் நன்று, நடுத்தரம், இல்லை என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். முதலில் என்னை அனுப்பியது ஒரு குழந்தைகள் விடுதிக்கு. அங்கே பாலில் தண்ணீர் ஊற்றிய மேனேஜரைப் பிள்ளைகள் முன்னாலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டேன். அவர் பொறுமைக்கு நேராக 'இல்லை' என்று எழுதி, போதாக்குறைக்கு அடியில் இரண்டு கோடும் போட்டு அனுப்பினார்.

"அமிர்தவல்லி, இன்னும் ஒரே ஒரு தடவைதான்" என்றார் எங்கள் துறைத் தலைவி. "அதிலும் 'இல்லை' என்று வந்தால் டிப்ளமோவும் இல்லை. வாயைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு சும்மா இரு."

அப்படித்தான் 1981 ஏப்ரலில் ஒரு தகரப் பெட்டியோடு வத்தலக்குண்டில் பஸ் ஏறினேன். வத்தலக்குண்டு எங்கள் ஊர். தினமும் மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தும் அதுவரை மலைமேல் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. முதல் நாள் குளிக்கப் போனவள் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

முகாம் செண்பகனூருக்கு மேலே ஒன்றரை மைலில், ரோட்டோரம் இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் நாற்பது பேர் மே மாதம் வந்து மூன்று வாரம் கூடாரத்தில் தங்குவார்கள். அதை நடத்தியவர் இராமலிங்கம் சார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாமலே ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒரு மாதம் அங்கே நடந்த வேலையைப் பார்த்தால், வரப்போவது பிள்ளைகளா கவர்னரா என்று சந்தேகம் வரும். கூடாரத் துணியில் எலி கடித்த ஓட்டைகளைத் தைத்தோம். கக்கூஸுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தட்டுகளுக்கு நம்பர் எழுதினோம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை மெத்தைகள். நாற்பத்திரண்டு பஞ்சு மெத்தைகள். பதினோரு மாதம் அறைக்குள் அடைந்து கிடந்து மலையின் ஈரத்தையெல்லாம் குடித்திருந்தன. காலையில் வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து புல்லில் போட வேண்டும். மேகம் இறங்கினால் ஓடிப்போய் உள்ளே எடுத்துவைக்க வேண்டும். சில நாள் ஒரே நாளில் மூன்று தடவை அது நடக்கும். கொடைக்கானல் மேகத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை, நாங்கள் நாற்பத்திரண்டாவது மெத்தையைப் போட்டு நிமிரும்போது சரியாக இறங்கும். நான் வாய்க்குள்ளேயே மேகத்தைத் திட்டப் பழகினேன்.

மெத்தையில் எனக்குக் கூட்டாளி வீரம்மாக்கா. அந்த வருடம்தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி 'உங்கள் நாட்டுக்குப் போங்கள்' என்று கப்பலேற்றி விடப்பட்டவர். புருஷன் மரம் வெட்டுகிற வேலைக்கு மலைக்குள் எங்கோ போயிருந்தார். வீரம்மாக்கா முகாமின் சாமான் அறையில் படுத்துக்கொண்டார். அதிகம் பேச மாட்டார். ஆனால் முதல் வாரத்தில் ஒருநாள், மெத்தையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்தக் கேம்புக்கு வார பிள்ளைகள அரசாங்கம் எத்தன மாசம் வச்சிருக்குங்க?"

"அரசாங்கம் இல்லக்கா. அவங்க வீட்டுல காசு கட்டி அனுப்புறாங்க. மூணு வாரம்."

"காசு கட்டியா?" தடியைக் கீழே வைத்துவிட்டார். "கூடாரத்துலதான படுக்கணும்?"

"ஆமா."

"தட்டத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கணுமா?"

"நிக்கணும்."

"நாங்க கப்பல விட்டு எறங்கி மண்டபம் கேம்புல எட்டு மாசம் அப்படி நின்னோமுங்க. ஒரு காசு கேக்கலியே" என்றார். சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தடியை எடுத்து மெத்தையை முன்பைவிட ஓங்கித் தட்டினார்.

பிள்ளைகள் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது இராமலிங்கம் சார் எல்லோரையும் கூப்பிட்டு, நாளைக்குப் பிள்ளை நாள் என்றார். அது அந்த முகாமின் வழக்கம். அந்த ஒரு நாள் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பிள்ளைகள். பயிற்சிக்கு வந்தவர்தான் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்காவோ அண்ணனோ. சமையல் மாஸ்டர் காசிநாதனும் பிள்ளையாகிவிடுவதால் அன்றைக்குச் சமையல் இராமலிங்கம் சார். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் சீட்டுகள் இருக்கும். போன வருடம் பிள்ளைகள் நிஜமாகவே செய்த சேட்டைகளைத் தன் டைரியிலிருந்து எடுத்து அவரே எழுதிவைத்தவை. ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து, யாருக்கும் காட்டாமல், அதில் உள்ளபடி நடந்துகொள்ள வேண்டும்.

"காலையில ஆறு மணியிலிருந்து சாயந்தரம் நாலு மணி வரைக்கும்" என்றார் என்னைப் பார்த்து. "நாலு மணிக்கு நான் இந்த எடத்துல தலையை எண்ணுவேன். ஒரு பிள்ளை குறைஞ்சாலும், ஒரு பிள்ளைகிட்ட நீங்க எரிஞ்சு விழுந்தாலும், பொறுமைங்கிற எடத்துல என்ன எழுதணுமோ அதை எழுதிடுவேன். போன வருஷம் ஒரு பையனைத் தொலைச்சிட்டு நாலு மணி நேரம் தேடினோம்மா. எனக்கு இருந்த முடியெல்லாம் அன்னைக்குப் போனதுதான்."

நாலு பிள்ளைகளாவது இருந்தால்தான் பிள்ளை நாள். எங்களிடம் மாஸ்டர், வாட்ச்மேன், வீரம்மாக்கா என்று மூன்று பேர்தான் இருந்தார்கள். காலையில் அரிசி மூட்டை இறக்க வந்த பஜார் மளிகைக்கடை ஜலாலுதீன் பாயை சார் அப்படியே நிறுத்திக்கொண்டார். பாய் பஜாரில் மதிப்பான ஆள். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. இருபது வருடமாக முகாமுக்குச் சரக்கு போடுகிறவர் என்பதால் மறுக்க முடியவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சீட்டை எடுத்து, படித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்பது மணி இருக்கும். கூடாரத்துக்குள் போனேன். பாய் ஒரு செம்புத் தண்ணீரை நிதானமாக ஒரு மெத்தைமேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அது பதினேழாம் நம்பர் மெத்தை. நான்கு நாள் காயவைத்து, முந்தின நாள்தான் உள்ளே போட்டது.

"தப்பா நெனைக்காதீங்க தாயி" என்றார் பாய். "சீட்டுல ராத்திரி படுக்கைய நனைக்கிற பிள்ளைனு போட்டிருக்கு. ராத்திரி வரைக்கும் இருந்தா கடையில ஆள் இல்ல. அதான் இப்பவே முடிச்சுக்கிட்டேன்."

கூடார வாசலில் இராமலிங்கம் சார் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. "பரவாயில்லப்பா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "எல்லாப் பிள்ளைங்களும் பண்றதுதான. வா, நீயும் நானும் சேர்ந்து வெயில்ல போடுவோம்."

ஐம்பத்தெட்டு வயதுப் பாய் தலைகுனிந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார். சார் என்னவோ எழுதிக்கொண்டார்.

வாட்ச்மேன் மாயாண்டி அண்ணனுக்கு வந்தது கோள் சொல்லும் பிள்ளை. அதற்குச் சீட்டே தேவையில்லை. முகாமில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாமல் நடக்காது, தெரிந்தது எதுவும் அவரோடு நிற்காது. ஐம்பது வயது மனிதர் அன்றைக்கு என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு முந்தானையைப் பிடிக்காத குறையாகச் சுற்றினார்.

"அக்கா, காசி பல்லு வெளக்கல."

"அக்கா, பாய் பீடி வச்சிருக்கான்."

"அக்கா, எல்லாரும் வெளையாடுறப்ப வீரம்மா மெத்தையத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்கு. அது வேலைதான? பிள்ளை வேலை செய்யலாமா?"

மத்தியானச் சாப்பாடு இராமலிங்கம் சார் கிண்டிய உப்புமா. காலையிலும் அதுதான். சமையல் மாஸ்டர் காசிநாதன் ஆயக்குடிக்காரர், நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. யார் சமைத்ததையும் ஒரு வாய் வைத்துவிட்டு 'ம்' என்பார். அந்த 'ம்'முக்குப் பதில் அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவருக்கு வந்த சீட்டு சாப்பிட மறுக்கும் பிள்ளை. அதைவிடச் சந்தோஷமாக ஒரு மனிதர் தன் கடமையைச் செய்து நான் பார்த்ததில்லை.

"வேணாம்" என்றார் மாஸ்டர், தட்டைத் தள்ளி.

"ஒரே ஒரு வாய் கண்ணு" என்றேன்.

"கட்டி கெடக்கு."

"கட்டிய ஒதுக்கிட்டுச் சாப்பிடு."

"ஒதுக்குனா தட்டுல ஒண்ணுமில்லக்கா." பிறகு அடுப்படிப் பக்கம் கேட்கிற மாதிரி, "எங்கம்மா ரவைய வறுத்துட்டுத்தான் தண்ணியில போடும்" என்றார்.

கரண்டியோடு நின்ற சாரின் காது சிவந்துபோனது. கதை சொல்லிப் பார்த்தேன், பாட்டுப் பாடிப் பார்த்தேன், ஊட்டிவிடவும் பார்த்தேன். காசிநாதன் மாஸ்டர் வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணால் சிரித்தார். இந்த நேரத்தில்தான் மாயாண்டி அண்ணன் இருபத்து மூன்றாவது தடவையாக, "அக்கா, அக்கா" என்று வந்து தோளைத் தட்டினார்.

நான் கத்தவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மெதுவாகத் திரும்பி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி மாயாண்டி, நல்ல பிள்ளைங்க கோள் சொல்ல மாட்டாங்க. இனிமே நாலு மணி வரைக்கும் யாரு என்ன செஞ்சாலும் நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லக்கூடாது. சரியா?" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு சுலபமாக இருந்ததே என்று எனக்குள் ஒரு மமதைகூட வந்தது.

இரண்டு மணிக்கு எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர் இருந்தார்கள்.

"வீரம்மாக்கா எங்க?"

பாய்க்குத் தெரியவில்லை. மாஸ்டருக்குத் தெரியவில்லை. மாயாண்டி அண்ணன் தன் வாயைச் சுட்டிக்காட்டினார்.

"சொல்லுங்க."

"நாலு மணி வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க அக்கா."

"இப்ப சொல்லலாம்."

"மத்தியானம் அதச் சொல்லத்தான் வந்தேன். அது கேட்டைத் தொறந்து போயிருச்சு. ரோட்டுல எறங்கிக் கீழ்ப்பக்கம் போச்சு. ஒரு மணி நேரமாச்சு."

தொலைந்துபோகும் பிள்ளையின் சீட்டும் டின்னில் இருந்திருக்கிறது. அதை எடுத்தவர் வீரம்மாக்கா. நான்கு மணிக்குத் தலை குறைந்தால் என் இரண்டு வருடப் படிப்பு அதோடு சரி. சாரிடம் ஓடினேன். மற்ற மூன்று பேரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், நான் போய்க் கூட்டிவருகிறேன் என்றேன்.

"நான் இன்னைக்குச் சமையக்காரன்மா" என்றார், உப்புமாச் சட்டியைச் சுரண்டிக்கொண்டு. "பிள்ளைங்கள தனியா விட்டுட்டுப் போகக்கூடாது. அது உங்களுக்கே தெரியும்."

ரோட்டில் பிள்ளைகளைக் கூட்டிப்போக முகாமில் ஒரு கயிறு உண்டு. இரண்டு முழத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. அந்தக் கயிற்றை எடுத்தேன். முன்னால் நான். முதல் முடிச்சில் ஜலாலுதீன் பாய், இரண்டாவதில் மாயாண்டி அண்ணன், கடைசியில் காசிநாதன் மாஸ்டர். கனமான ஆள் பின்னால் இருந்தால் இறக்கத்தில் இழுக்கும் என்பது பாதி வழியில்தான் எனக்குப் புரிந்தது.

செண்பகனூர் வரை ஒன்றரை மைல். சீசன் தொடங்கும் நேரம், ரோட்டில் கார்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு கார் நின்று எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனது. முட்டைக்கோஸ் கூடையோடு ஏறி வந்த ஒரு அம்மாள் பாயைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன பாய், கடை தொறக்கலீங்களா?"

"நாலு மணிக்கு மேல வாங்க தாயி" என்றார் பாய், மரியாதை கொஞ்சமும் குறையாமல். "இப்ப முடிச்சை விடக்கூடாது."

நான் நடந்தபடியே வீரம்மாக்காவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றரை மைலுக்கும் போதுமான அளவுக்கு இருந்தது. நடிக்கச் சொன்னால் ஒரு அளவு வேண்டாமா. கேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் போதாதா. நாள் முழுக்க உப்புமாவையும் ஈர மெத்தையையும் பொறுத்தவள் இங்கே வந்து ஒரே மூச்சில் கொட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். செண்பகனூரில் சாரின் நோட்டுப் புத்தகம் இல்லை.

வீரம்மாக்கா பஸ் நிறுத்தத்தில், கல்மேல் உட்கார்ந்திருந்தார். மணி மூன்று ஐந்து. மூன்றேகாலுக்கு மேலே போகும் டவுன் பஸ் வரும். அதைப் பிடித்தால் மூன்றரைக்கு முகாம். தப்பித்தேன் என்று நினைத்தேன். மூன்று பிள்ளைகளையும் எதிர்ப்பக்க டீக்கடைப் பெஞ்சில் கயிற்றோடு உட்காரவைத்துவிட்டு ரோட்டைக் கடந்தேன்.

"என்னக்கா இது? எவ்வளவு நேரமா இங்க இருக்கீங்க?"

"ரொம்ப நேரமாச்சுங்க." எழுந்து நின்றார். அழவெல்லாம் இல்லை. ஏதோ கணக்குத் தப்பாய்ப் போட்ட பிள்ளை மாதிரி முகம். "வீட்டுக்குப் போறேன்னு கெளம்பிடுற பிள்ளைனு சீட்டுல எழுதியிருந்துச்சு. எழுத்துக் கூட்டி நானே படிச்சேன். சரின்னு கெளம்பி வந்தேனுங்க. வத்தலக்குண்டு பஸ் வந்துச்சு. கண்டக்டரு எங்கம்மா போகணும்னாரு. வீட்டுக்குன்னேன். எந்த ஊருன்னாரு."

"சரி."

"எனக்குச் சொல்லத் தெரியலீங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நான் பொறந்தது பதுளைப் பக்கம் தோட்டம். எங்க லயத்து வீட்டுல இப்ப வேற ஆளு இருப்பாங்க. துறையூர்ப் பக்கம்தான் நம்ம ஊருன்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. வந்து தேடிப் போனோம், அங்க ஒருத்தருக்கும் எங்களத் தெரியல. மண்டபம் கேம்புனா, அது கேம்பு. போன வருசம் மலையடியில குடிசை போட்டிருந்தோம், வேலை முடிஞ்சதும் பிரிச்சுவிட்டுட்டாங்க. பின்னால பழனி பஸ்ஸும் வந்துச்சு. அவரும் அதையேதான் கேட்டாரு. வெளையாட்டுதான, ஏதாச்சும் ஒரு ஊரைச் சொல்லிட்டு ஏறியிருக்கலாம். ஆனா வீடுன்னு எழுதியிருக்குதுல்லங்க. பொய் சொல்ல மனசு வரல. அதான் உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

ஒன்றரை மைலாகச் சேர்த்துவைத்திருந்த வசனம் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. என்மேலேயே எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார்.

மூன்றேகால் டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்தார். நான் கையசைத்துப் போகச் சொன்னேன். அது போகும்போது என் டிப்ளமோவும் அதில் ஏறிப் போவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவரைக் கையைப் பிடித்து இழுத்து, வாங்க வெரசா, தலை எண்ணப் போறாங்க என்று பஸ்ஸில் ஏற்ற என்னால் முடியவில்லை.

பிறகு மதுரை பஸ் போனது. அதற்கப்புறம் ஒரு வத்தலக்குண்டு பஸ். எதிர்ப்பக்கம் சாப்பிட மறுக்கும் பிள்ளை ஆறாவது போண்டாவை எடுத்துக்கொண்டிருந்தது. மாயாண்டி அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்ல வாயெடுத்தார், மணி நாலாகவில்லை என்று கையால் பொத்திக்கொண்டார். பாய் மூன்று பேருக்கும் டீ சொன்னார். எங்களுக்கும் இரண்டு டீ அனுப்பினார். நாங்கள் குடித்தோம். இன்னொரு பஸ் போனது. நான்கு மணி தாண்டியது. வீரம்மாக்கா நடுவில் ஒரு தடவை மட்டும், "எங்க தோட்டத்துல இந்நேரம் மூணாவது தடவ கொழுந்தை எடை போட்டுக்கிட்டு இருப்பாங்க" என்றார். நான் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லவில்லை.

ஐந்தாவதாக ஒரு பஸ் வந்து போன பிறகு வீரம்மாக்கா சட்டென்று அண்ணாந்து பார்த்தார்.

"மேகம் எறங்குதுங்க" என்றார். "மெத்தையெல்லாம் வெளியில கெடக்கு. வெள்ளனே போட்டது. நனைஞ்சிருமே."

என்னைப் பார்க்கவும் இல்லை, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேல்நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். நான் பாய் கையிலிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தேன். எந்தப் பஸ்ஸுக்கும் காத்திருக்கத் தோன்றவில்லை. ஐந்து பேரும் ஏற்றத்தில் ஓடினோம். ஆறு போண்டாவோடு மாஸ்டர் ஓடியதைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும்.

நாங்கள் கேட்டுக்குள் நுழையும்போது மேகம் முகாமை மூடியிருந்தது. புல்லில் ஒரு மெத்தைகூட இல்லை. அறை வாசலில் இராமலிங்கம் சார் கடைசி மெத்தைமேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்கப் பஞ்சு. அறுபத்திரண்டு வயதில் அத்தனையையும் தனியாளாகத் தூக்கிப் போட்டிருக்கிறார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி அஞ்சே கால்" என்றார். "நாலுன்னா நாலு. நான் சொல்லியிருந்தேன்."

அவ்வளவுதான். காலையிலிருந்து கட்டிவைத்தது எல்லாம் அவிழ்ந்தது.

"எழுதிக்கோங்க சார். இல்லைன்னே எழுதிக்கோங்க, ரெண்டு கோடும் போட்டுக்கோங்க. வீட்டுக்குப் போற பிள்ளைனு எழுதி அந்த டின்னுல போட்டீங்களே, எடுக்கப்போறது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? கப்பல்ல ஏத்தி அனுப்பின அம்மாகிட்ட, வீட்டுக்குப் போன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அவங்க மூணு மணி நேரமா ரோட்டுல உக்காந்து ஊர் தேடியிருக்காங்க. உங்களுக்குத் தலை எண்ணணும். நாலு மணிக்கு எண்ணணும். இன்னொண்ணும் சொல்லிடுறேன், உப்புமால கட்டி இருந்துச்சு. காலையிலயும் இருந்துச்சு."

என் குரல் எதிர்மலைக்குக் கேட்டிருக்கும். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

சார் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அது போன வருஷம் ஒரு பத்து வயசுப் பையன்" என்றார் கடைசியில், வீரம்மாக்காவைப் பார்த்து. "அவனை நெனைச்சு எழுதினதும்மா. வேற யாரையும் நான் நெனைக்கல. நெனைச்சிருக்கணும்."

"பரவாயில்லீங்க ஐயா" என்றார் வீரம்மாக்கா. "மெத்தைய நீங்க மாத்தி அடுக்கியிருக்கீங்க. நனைஞ்சதைக் காஞ்சதோட போட்டா எல்லாம் நனைஞ்சிரும்."

சார் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நெசமாவே கட்டியா காசி?"

"ம்" என்றார் மாஸ்டர்.

சார் அலுவலகத்துக்குள் போய் என் படிவத்தோடு வந்தார். மற்ற ஆறு இடங்களையும் முன்பே எழுதிவைத்திருந்தார். பேனாவைத் திறந்துகொண்டு வீரம்மாக்காவிடம் கேட்டார். "இன்னைக்குத் தொலைஞ்ச பிள்ளை நீங்கதான். நான் பாக்கல. இவங்க உங்ககிட்ட எப்படி நடந்துக்கிட்டாங்க?"

வீரம்மாக்கா யோசித்தார். பரீட்சையில் கேட்ட கேள்வி மாதிரி யோசித்தார்.

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றார். "பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அஞ்சு பஸ்ஸு போச்சுங்க."

சார் படிவத்தை மடியில் வைத்து ஏதோ எழுதினார், கையெழுத்துப் போட்டார், நான்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். எனக்குப் பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மே மாதம் முழுக்க அது என் தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது. ஜூனில் மதுரைக்குப் போய்த் துறைத் தலைவியின் மேஜைமேல் வைத்த பிறகுதான், அவர் பிரித்தபோது, எட்டிப் பார்த்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"பொறுமைக்கு நேரா 'ஐந்து பஸ்' என்று எழுதியிருக்காரே" என்றார். "ஐந்து பஸ் என்றால் நன்றா, நடுத்தரமா?"

"நன்றுங்க மேடம்" என்றேன்.